கொலையாளியைத் தேடியது போதும்

லண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில் 1888ஆம் ஆண்டு அடுத்தடுத்துப் பெண்களைக் கொன்றவன் யார் என்பது இன்றுவரை துப்புத் துலங்காத வழக்கு. ‘ஜாக் த ரிப்பர்’ என்று உலகம் அவனை அழைக்கிறது. வழக்கறிஞர், நாவிதர், ஓவியர், மருத்துவர், விக்டோரியா மகாராணியின் பேரன் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டன. உண்மை வெளிவந்துவிட்டது என்ற முழக்கத்தோடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புத்தகம் வருகிறது. அடுத்த புத்தகம் அதை மறுக்கிறது. தமிழிலும் இது ஒரு மர்மக் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்தத் தேடலை இனிக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம். கொலையாளி யார் என்ற கேள்விக்கு விடை தரும் ஆதாரம் எதுவும் மிஞ்சவில்லை. அவனைச் சுற்றி எழுப்பப்பட்ட கதையோ பிற்காலத்தில் வேறு பெண்களின் உயிருக்கே உலை வைத்திருக்கிறது. அந்தப் பெண்கள் ஏன் அந்த இரவுகளில் தெருவில் நின்றார்கள் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு எழுத்துபூர்வமான சாட்சியங்கள் குவிந்து கிடக்கின்றன, கேட்பாரில்லை.

முதலில் அந்த வழக்கின் அடிப்படையைப் பார்ப்போம். 1888 ஆகஸ்ட் 31 அன்று மேரி ஆன் நிக்கல்ஸ், செப்டம்பர் 8 அன்று ஆனி சாப்மன், செப்டம்பர் 30 அன்று ஒரே இரவில் எலிசபெத் ஸ்டிரைட், கேத்தரின் எடோஸ், நவம்பர் 9 அன்று மேரி ஜேன் கெல்லி என ஐந்து பெண்கள் பத்து வாரங்களுக்குள் கொல்லப்பட்டனர். இந்த ஐவரையும் ஒருவனே கொன்றான் என்பதை நிரூபிக்கப்பட்ட உண்மைபோல எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால், காவல் துறையின் ஒயிட்சேப்பல் கொலைக் கோப்பில் 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை நடந்த 11 கொலைகள் இருக்கின்றன. அவற்றில் எவை ஒரே கையால் நடந்தவை என்பதில் அன்றைய அதிகாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஐந்து என்ற எண்ணிக்கைக்கு வலு சேர்த்தது, மெல்வில் மக்நாட்டன் என்ற உயர் அதிகாரி 1894இல் எழுதிய ஓர் அலுவலகக் குறிப்பு. அந்த ஐந்து கொலைகளும் நடந்தபோது அவர் லண்டன் காவல் துறையிலேயே இல்லை. 1889இல்தான் பணியில் சேர்ந்தார். அதாவது, எத்தனை கொலைகள் என்ற முதல் கணக்கே பின்னால் வந்த ஒருவரின் கருத்துதான்.

அதே குறிப்பில்தான் மூன்று சந்தேக நபர்களின் பெயர்களும் உள்ளன. முதலாமவர் மாண்டேக் டிரூயிட். அவரை 41 வயது மருத்துவர் என்று மக்நாட்டன் எழுதினார். உண்மையில் அவர் வழக்கறிஞராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், இறந்தபோது வயது 31. மூன்றாமவரான மைக்கேல் ஆஸ்ட்ராக், கொலைகள் நடந்த காலத்தில் பிரான்ஸ் நாட்டுச் சிறையில் இருந்தது பின்னாளில் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. வழக்கின் மிக முக்கியமான காவல் துறை ஆவணமாகக் கருதப்படுவதன் நிலையே இதுதான். தடயங்களின் நிலை இன்னும் மோசம். நிக்கல்ஸின் உடலை மருத்துவர் முறையாகப் பரிசோதிக்கும் முன்பே பிணவறையில் ஆடைகளைக் களைந்து கழுவிவிட்டார்கள். சாப்மனின் உடலைப் பரிசோதித்த மருத்துவர், கொலையாளிக்கு உடற்கூறு தெரியும் என்றார். கெல்லியின் உடலைப் பரிசோதித்த தாமஸ் பாண்ட், ஒரு கசாப்புக்காரருக்கு உள்ள அறிவுகூட அவனுக்கு இல்லை என்றார். கைரேகைப் பிரிவு ஸ்காட்லாந்து யார்டில் 1901இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு அடிப்படையான வகைப்பாட்டு முறையே கொல்கத்தாவில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் 1890களில் உருவானதுதான். ஆக, 1888இல் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் தவிர, குற்றத்தோடு அவனைப் பொருத்திக் காட்ட வழியே இல்லை. பிடிக்கவில்லை. ஆதாரம் அன்றே கைநழுவிப் போனது.

‘அன்று வழியில்லை, இன்று டிஎன்ஏ இருக்கிறதே’ என்பது நியாயமான ஆட்சேபம். கேத்தரின் எடோஸ் கிடந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சால்வையை வைத்து, கொலையாளி போலந்திலிருந்து குடிபெயர்ந்த ஆரோன் காஸ்மின்ஸ்கி என்ற யூத நாவிதர்தான் என்று 2014இல் ஒரு புத்தகம் அறிவித்தது. 2019இல் அதுபற்றிய ஆய்வுக் கட்டுரையும் ஒரு தடய அறிவியல் இதழில் வந்தது. உலகெங்கும் செய்தித்தாள்கள் வழக்கு முடிந்துவிட்டதாகத் தலைப்புப் போட்டன. ஆனால், எடோஸின் உடலோடு இருந்த பொருள்களைக் காவல் துறை ஒன்றுவிடாமல் எழுதிவைத்த பட்டியலில் அப்படியொரு சால்வையே இல்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பேரின் கைபட்ட துணி அது. அதில் பார்க்கப்பட்டது தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ. அது ஒரே வகையாக ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாக இருக்கக்கூடியது. ஒருவரைச் சந்தேகத்திலிருந்து விலக்க அது உதவும். ஒருவர்தான் குற்றவாளி என்று சுட்ட உதவாது. கட்டுரையின் ஆய்வு முறையை மரபியல் வல்லுநர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அதை வெளியிட்ட இதழே பின்னர் அதுகுறித்து எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட நேர்ந்தது. எவ்வளவு நவீனமான ஆய்வுக்கூடமாக இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்றே நிச்சயமில்லாத ஒரு பொருளை நிச்சயமான சாட்சியமாக மாற்றிவிட முடியாது.

கொலையாளியைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்தும், அவனைப் பற்றி நம் மனதில் இவ்வளவு தெளிவான உருவம் எப்படி வந்தது? போலீஸோடு விளையாடும் புத்திசாலி, சிவப்பு மையில் கடிதம் எழுதுபவன், சிக்காமல் சிரிப்பவன் என்ற அந்த உருவம் 1888 செப்டம்பர் 25 தேதியிட்ட ஒரே ஒரு கடிதத்தில் பிறந்தது. ‘ஜாக் த ரிப்பர்’ என்ற கையெழுத்து முதன்முதலில் வந்ததும் அதில்தான். கடிதம் போய்ச் சேர்ந்த இடம் காவல் நிலையமோ, பொதுமக்கள் அறிந்த பெரிய நாளிதழோ இல்லை. சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி முகமை. அப்படியொரு முகமை இருப்பதும், அதற்கு எழுதினால் எல்லாப் பத்திரிகைகளுக்கும் போய்ச் சேரும் என்பதும் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்கும். அன்று உதவி ஆணையராக இருந்த ராபர்ட் ஆண்டர்சன், அந்தக் கடிதம் ஒரு லண்டன் பத்திரிகையாளரின் கைவண்ணம் என்று 1910இல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஜான் லிட்டில்சைல்டு என்ற முன்னாள் துப்பறியும் அதிகாரி, 1913இல் ஒரு தனிப்பட்ட கடிதத்தில், அதே செய்தி முகமையைச் சேர்ந்த இருவர் மீதே சந்தேகத்தைச் சொன்னார். நீதிமன்றத்தில் இது நிரூபிக்கப்படவில்லை. ஆனால், விசாரணையின் மேல்மட்டத்தில் இருந்தவர்களே நம்பாத ஒரு கடிதம்தான் அந்தக் கொலைகளுக்கு நிரந்தரப் பெயர் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

காவல் துறையும் அந்தத் தவறில் பங்குகொண்டது. கையெழுத்தை யாராவது அடையாளம் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் கடிதத்தின் நகலைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஒட்டியது, செய்தித்தாள்களும் வெளியிட்டன. அதன்பின் அதே பெயரில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் ஆராய அதிகாரிகளின் நேரம் போனது. இதற்குச் சில வாரங்கள் முன்பே செய்தித்தாள்கள் ‘லெதர் ஏப்ரன்’ என்ற பட்டப்பெயரில் இன்னொரு கொலைகாரனை உருவாக்கியிருந்தன. ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளிதான் அவன் என்று பேச்சு பரவியது. அவர் செப்டம்பர் 10 அன்று கைது செய்யப்பட்டார். கொலைகள் நடந்த நேரத்தில் அவர் வேறு இடங்களில் இருந்தது உறுதியானதும் விடுவிக்கப்பட்டார். ஆனால், ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீதான வன்முறைக்குத் தப்பி 1881க்குப் பின் வந்து குடியேறியிருந்த ஏழை மக்கள் மீது தெருவில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டதை யாரும் திரும்பப் பெற முடியவில்லை. எடோஸ் கொல்லப்பட்ட இரவில், கோல்ஸ்டன் தெருச் சுவரில் யூதர்களைக் குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்த வரியை, கலவரம் வெடிக்கும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன் புகைப்படம்கூட எடுக்கவிடாமல் அழிக்கச் செய்தார். ஒரு தடயமாக இருந்திருக்கக்கூடிய எழுத்து, பத்திரிகைகள் மூட்டிய தீயின் அச்சத்தால் அழிந்தது.

இவையெல்லாம் பழங்கதை, இன்று யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, வடக்கு இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை நடந்ததை நினைவூட்ட வேண்டும். அங்கே 13 பெண்களைக் கொன்றவனுக்குப் பத்திரிகைகள் 1888இன் பெயரையே எடுத்து ‘யார்க்‌ஷயர் ரிப்பர்’ என்று சூட்டின. பழைய கதையில் மயங்கிய ஜான் ஹம்பிள் என்ற சம்பந்தமில்லாத ஆள், 1888 கடிதங்களின் பாணியில் ‘ஜாக் த ரிப்பர்’ என்று கையெழுத்திட்டுக் காவல் துறைக்குக் கடிதங்கள் எழுதினான். 1979 ஜூனில் தன்னை ஜாக் என்று சொல்லிக்கொண்டு பேசிய ஒலிநாடாவையும் அனுப்பினான். விசாரணைத் தலைமை அதை முழுதாக நம்பியது. ஒலிநாடாவில் கேட்ட வடகிழக்கு இங்கிலாந்தின் பேச்சுவழக்கு இல்லாதவர்களைச் சந்தேகத்திலிருந்து விலக்கலாம் என்று அறிவுறுத்தல் போனது. உண்மையான கொலையாளியான பீட்டர் சட்கிளிஃபுக்கு அந்தப் பேச்சுவழக்கு கிடையாது. விசாரணைக் காலத்தில் அவனைக் காவல் துறை ஒன்பது முறை நேரில் விசாரித்து ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டது. ஒலிநாடா வந்த பிறகு பார்பரா லீச், மார்கரீட் வால்ஸ், ஜாக்குலின் ஹில் ஆகிய மூன்று பெண்கள் அவன் கையில் இறந்தார்கள். போலிக் கடிதம் எழுதியவன் டிஎன்ஏ சோதனையில் 2005இல் சிக்கி, 2006இல் எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். 1888இல் யாரோ கற்பனையில் எழுதிய ஒரு பாத்திரம், 90 ஆண்டுகள் கழித்து ஒரு நிஜக் கொலையாளிக்குத் திரையாக நின்றது.

அந்த விசாரணையில் இன்னொரு கொடுமையும் தொடர்ந்தது. கொல்லப்பட்டவர்களில் பாலியல் தொழில் செய்தவர்கள், ‘அப்பாவிப் பெண்கள்’ என்று இரண்டு வரிசைகளைக் காவல் துறையும் பத்திரிகைகளும் வைத்திருந்தன. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞரே, சிலர் பாலியல் தொழிலாளிகள் இல்லை என்பதுதான் இந்த வழக்கின் மிகுந்த சோகம் என்ற பொருளில் பேசினார். மேற்கு யார்க்‌ஷயர் காவல் துறை, தன் உயர் அதிகாரிகள் அன்று அந்தப் பெண்களைப் பற்றிப் பேசிய விதத்துக்காக 2020இல்தான் வருத்தம் தெரிவித்தது. கனடாவின் வான்கூவர் நகரில் ஏழ்மைமிக்க பகுதியிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல்போன வழக்கை ஆராய்ந்த விசாரணை ஆணையமும் 2012இல் இதே நோயைத்தான் சுட்டியது. பெண்கள் ஏழைகளாகவும் போதைக்கு அடிமையானவர்களாகவும் பலர் பூர்வகுடிகளாகவும் இருந்ததால், அவர்களைப் பற்றிய புகார்கள் உரிய கவனம் பெறவில்லை என்றது. தொடர் கொலையாளிகள் பிடிபடாமல் நீடிப்பதற்கு அவர்களின் அபார மூளை காரணமாக இருப்பது அபூர்வம். யார் காணாமல் போனால் ஊர் பதறாதோ அவர்களையே தேர்ந்தெடுப்பதுதான் அவர்களின் பலம். 1888இன் கதையை மேதாவிக் கொலையாளியின் கதையாகச் சொல்லும்போது, இந்த உண்மையைத்தான் நாம் மறைக்கிறோம்.

இப்போது, சாட்சியம் ஏராளமாக இருக்கும் பக்கத்துக்கு வருவோம். மரண விசாரணைகளில் தந்தையர், கணவர்கள், தோழிகள், விடுதிக்காரர்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் பத்திரிகைகளில் விரிவாக அச்சாகியிருக்கின்றன. ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தெரிவது இது. மேரி ஆன் நிக்கல்ஸ் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள். அச்சுத் தொழிலாளியின் மனைவி. ஐந்து பிள்ளைகளின் தாய். 1880இல் கணவரைப் பிரிந்தார். வாரம் ஐந்து ஷில்லிங் ஜீவனாம்சம் கிடைத்துவந்தது. அவர் வேறொருவருடன் வாழ்கிறார் என்று கணவர் முறையிட்டதும் அது நின்றது. அதன்பின் ஒர்க்ஹவுஸ், தெரு, மீண்டும் ஒர்க்ஹவுஸ். 1888இல் ஒரு வீட்டில் பணிப்பெண் வேலை கிடைத்தபோது, நல்ல இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று தந்தைக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். இரண்டு மாதத்தில் அந்த வீட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார். குடிப்பழக்கம் அவரை விடவில்லை. ஆகஸ்ட் 31 அதிகாலையில், படுக்கைக்குக் கொடுக்க நான்கு பென்ஸ் இல்லாததால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்; அதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த இரவு அவரைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனி சாப்மனின் கணவர் வசதியான வீடுகளில் வண்டியோட்டியாக இருந்தவர். மூத்த மகள் 12 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மகன் உடல் குறைபாட்டோடு பிறந்தவன். குடி முற்றியது, குடும்பம் பிரிந்தது. கணவர் வாராவாரம் அனுப்பிய பத்து ஷில்லிங் 1886 இறுதியில் அவர் இறந்ததோடு நின்றது. பின்னல் வேலையும் பூ விற்பனையும் செய்து பிழைத்தார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், நுரையீரல் நோய் வெகுதூரம் முற்றியிருந்ததாகச் சொன்னார். கொலையுண்ட இரவிலும் படுக்கைக் காசு இல்லாமல்தான் வெளியே போனார். எலிசபெத் ஸ்டிரைட் சுவீடனில் பிறந்து வீட்டு வேலைக்காக லண்டன் வந்தவர். கணவரோடு காபிக் கடை நடத்தியவர். இறந்த நாளன்று விடுதி அறைகளைச் சுத்தம்செய்து ஆறு பென்ஸ் கூலி வாங்கியிருந்தார். கேத்தரின் எடோஸ் கென்ட் பகுதியில் பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப் பூ பறிக்கும் கூலி வேலைக்குப் போய்ச் சில நாள் முன்புதான் திரும்பியிருந்தார். சாப்பாட்டுக்காகத் துணைவரின் காலணியை அடகு வைத்திருந்தார்கள்; அந்தச் சீட்டைக் கொண்டுதான் உடலை அடையாளம் கண்டார்கள். தேநீர்த் தூள், சர்க்கரை, சோப்பு, சீப்பு, ஊசிகள் என வீட்டில் இருக்க வேண்டியவை எல்லாம் அவர் உடம்போடு இருந்தன; வைக்க வீடு இல்லை. குடிபோதைக்காகக் கைதாகி, நள்ளிரவு ஒரு மணியளவில் காவல் நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, முக்கால் மணி நேரத்தில் பிணமாகக் கிடந்தார். ஐவரில் இளையவரான மேரி ஜேன் கெல்லிக்கு மட்டும் ஓர் அறை இருந்தது. வாரம் நாலரை ஷில்லிங் வாடகை. 29 ஷில்லிங் பாக்கி.

இந்த ஐந்து வாழ்க்கைகளையும் ஒருசேரப் பார்த்தால் ஒரே காரணம் துலங்கும். அன்றைய சட்டப்படி மனைவியின் ஒழுக்கக் குற்றம் ஒன்றே கணவன் விவாகரத்துப் பெறப் போதும். கணவனின் ஒழுக்கக் குற்றம் மட்டும் மனைவிக்குப் போதாது, கொடுமையோ கைவிடலோ கூடவே நிரூபிக்க வேண்டும். பிரிந்த மனைவிக்கு ஜீவனாம்சம், அவள் தனியாக வாழும்வரைதான். தனியாக வாழ்ந்தாலோ, பெண்ணுக்குக் கிடைத்த கூலியில் ஒரு அறை எடுக்க முடியாது. துணை தேடினால் உதவித்தொகை போகும். தேடாவிட்டால் தலைக்குமேல் கூரை போகும். மிஞ்சியது இரவு வாடகைப் படுக்கை. 1888 அக்டோபரில் காவல் துறை எடுத்த கணக்குப்படி ஒயிட்சேப்பல் சரகத்தில் 233 பொது விடுதிகள், அவற்றில் 8,530 பேர். ஒவ்வொரு இரவும் காசு கொடுத்தால்தான் இடம், இல்லையென்றால் வாசற்படிதான். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு: நாடாளுமன்றம், ஏழைகள் நலச் சட்ட வாரியங்கள், விடுதி உரிமையாளர்கள். கொலையாளி பிடிபட்டிருந்தாலும் அடுத்த நாள் இரவு அதே பெண்கள் அதே தெருவில்தான் நின்றிருப்பார்கள்.

இங்கே ஆய்வாளர்களிடையே ஒரு சச்சரவு உண்டு. வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்டு 2019இல் வெளியிட்ட ‘தி ஃபைவ்’ நூலில், ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்ததற்கு உறுதியான சான்று இல்லை என்றும், அவர்களில் சிலர் உறங்கிக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டிருக்கலாம் என்றும் வாதிட்டார். மரண விசாரணைச் சாட்சியங்களில் அதற்கு எதிரான குறிப்புகளும் உள்ளன என்பது மறுதரப்பின் வாதம். அதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இதற்கு மேல் இன்னொரு கவலையும் எழுப்பப்படுகிறது: ‘இவர்கள் பாலியல் தொழிலாளிகள் இல்லை’ என்று வலியுறுத்துவதே, அந்தத் தொழில் செய்தவர்களின் உயிர் மலிவு என்று ஒப்புக்கொள்வதாகிவிடாதா? நியாயமான கவலைதான். ஆனால், என் வாதத்துக்கு இந்தச் சச்சரவில் யார் வெல்கிறார்கள் என்பது தேவையில்லை. வீடற்ற ஏழைப் பெண் எவளையும் விசாரிக்காமலே அந்தத் தொழிலில் சேர்த்து, சேர்த்த பிறகு அவளுடைய சாவைப் பாதிச் சாவாக எண்ணியது அந்தக் காலம். நிக்கல்ஸ் காசுக்காக ஆண்களோடு போயிருந்தாலும் போகாவிட்டாலும், நான்கு பென்ஸ் இல்லாததற்காக ஒரு மனுஷி இரவில் வெளியேற்றப்பட்டது ஒரே அளவு அநீதிதான். அந்தக் கொலை ஒரே அளவு கொலைதான்.

கொலையாளியின் கதை பரபரப்பானதால்தான் கிழக்கு லண்டனின் வறுமை வெளியுலகுக்குத் தெரிந்தது, சீர்திருத்தம் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இதில் உண்மையின் ஒரு துணுக்கு இருக்கிறது. பெர்னார்ட் ஷாவே 1888 செப்டம்பரில் ‘ஸ்டார்’ நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், சீர்திருத்தவாதிகள் பல ஆண்டுகளாகக் கத்தியும் கேட்காத சீமான்களின் காதில் சில கொலைகள் ஏறிவிட்டன என்று கசப்போடு சுட்டிக்காட்டினார். ஆனால், அச்சத்தால் வரும் கவனம் எந்த வகைச் சீர்திருத்தத்தைத் தரும் என்பதையும் பார்க்க வேண்டும். 1890இன் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் கிழக்கு லண்டனின் மோசமான சேரிகளில் ஒன்று இடிக்கப்பட்டு, அழகான குடியிருப்பு எழுந்தது. அங்கிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் புதிய வீடுகளில் குடியேற முடிந்தவர்கள் மிகச் சிலரே. வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. அதே 1888ஆம் ஆண்டு ஜூலையில், கொலைகளுக்குச் சில வாரங்கள் முன்பு, சில மைல் தொலைவிலுள்ள போ பகுதியில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்து இந்திய விடுதலை அரசியலில் இடம்பிடித்த அன்னி பெசன்ட், அவர்களின் கூலியையும் அபராதங்களையும் தன் சிறு பத்திரிகையில் அம்பலப்படுத்தியவர். அவர்கள் வென்றார்கள், அபராதங்கள் ஒழிந்தன, சங்கம் அமைந்தது. கிழக்கு லண்டன் பெண்களின் நிலையை உலகுக்குச் சொல்ல ஒரு கொலையாளி தேவைப்படவில்லை. சொன்னதைக் கேட்கும் பத்திரிகை தேவைப்பட்டது.

கடைசி ஆட்சேபம் மிக வலுவானது: கொன்றவனைக் கண்டுபிடிப்பதுதானே கொல்லப்பட்டவர்களுக்கு நீதி? உயிரோடு இருக்கும் குற்றவாளியைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. துப்புத் துலங்காத எந்தக் கொலையையும், குற்றவாளி உயிரோடு இருக்கச் சாத்தியம் உள்ளவரை, காவல் துறை மூடக் கூடாது. ஆனால் 1888இன் கொலையாளி எப்போதோ மண்ணோடு மண்ணானவன். அவனைத் தண்டிக்க முடியாது, அவனிடமிருந்து யாரையும் காக்க முடியாது. ஆதாரமில்லாமல் இன்று நாம் செய்யக்கூடியது, தன் தரப்பைச் சொல்ல முடியாத இன்னொரு இறந்த மனிதர் மீது கொலைப்பழி சுமத்துவது மட்டும்தான். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் அதிகபட்சம் ஒன்று சரியாக இருக்கலாம். மீதமுள்ள அனைவரும் அநியாயமாகப் பழிக்கப்பட்டவர்கள். இதை நீதி என்று எப்படி அழைப்பது? இதன் வணிக முகத்தையும் மறக்கக் கூடாது. லண்டன் கேபிள் தெருவில் பெண்களின் வரலாற்று அருங்காட்சியகம் என்று சொல்லி அனுமதி கேட்கப்பட்ட கட்டடம், 2015இல் ஜாக் த ரிப்பர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெண்களின் வரலாறு இருக்க வேண்டிய இடத்தில் அவர்களைக் கொன்றவன் குடியேறிவிடுகிறான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

இதிலிருந்து பத்திரிகைகளுக்கும் காணொளி தயாரிப்பவர்களுக்கும் வாசகர்களுக்கும் தெளிவான கடமைகள் பிறக்கின்றன. தொடர் கொலையாளிக்குப் பட்டப்பெயர் சூட்டக் கூடாது. அந்தப் பெயர் அவனைவிட நீண்ட நாள் வாழும், அடுத்தவனுக்கு வேடமாகும். கொலையாளி பெயரில் வரும் கடிதத்தையோ பதிவையோ காவல் துறை உறுதிசெய்யும் முன் பரப்பக் கூடாது. சந்தேகம் என்ற பெயரில் ஒரு சமூகத்தின் மீது விரல் நீட்டக் கூடாது. இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்ல முடியாது. நியூசிலாந்தில் 2019இல் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், கொலையாளியின் பெயரைத் தான் உச்சரிக்கவே போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்து அதைக் கடைப்பிடித்தார். செய்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு பெண் கொல்லப்பட்டால், அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள் என்று கேட்டு அவளைக் கூண்டில் ஏற்றுவதை விட்டுவிட்டு, அவள் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டிய இடத்தை யார் மறுத்தார்கள், முன்பே கொடுத்த புகாரை யார் வாங்க மறுத்தார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் பதவியில் இருப்பார்கள்; பதில் சொல்ல வைக்க முடியும். 1888இன் மர்மத்தை அவிழ்க்க நம்மால் முடியாது. ஆனால், அந்தப் பெண்களைத் தெருவில் நிறுத்திய காரணங்களில் எத்தனை இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றன என்று கணக்கெடுத்து ஒவ்வொன்றாக நீக்க முடியும். செய்யக்கூடியதைச் செய்யாமல், செய்யவே முடியாததில் இன்னொரு நூற்றாண்டைச் செலவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.